டெக் பூச்சு உரிகிறது: மேலேயே இன்னொரு கோட் அடிக்கலாமா?

கேள்வி: டொராண்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கமில் இருக்கிறோம். வீட்டின் பின்புறம் பிரஷர் ட்ரீட்டட் (உளுக்காமல் இருக்க மருந்து ஏற்றிய) பைன் மரத்தில் ஒரு டெக், அதாவது திறந்தவெளி மரத் தளம். சுமார் 300 சதுர அடி, கட்டி 8 வருடம் ஆகிறது. போன கோடையில் ஒருவர் வந்து காலையில் பிரஷர் வாஷரால் கழுவி, மாலைக்குள் பழுப்பு நிற சாலிட் ஸ்டெயின் (மரத்தை மறைத்து மேலே படலமாக நிற்கும் பூச்சு) அடித்துவிட்டுப் போனார். பனி உருகியதும் பார்த்தால் தரையிலும் படிகளிலும் பூச்சு செதில் செதிலாக உரிகிறது. மேலேயே இரண்டு கோட் அடித்தால் போதும் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். பழைய பூச்சை முழுதாக எடுக்காமல் தொடமாட்டேன் என்று இன்னொருவர் இரண்டு மடங்கு கேட்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டாமவர் சொல்வதுதான் சரி. பிடிப்பு விட்டுப்போன பூச்சின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்டெயினை அடித்தாலும் அது மரத்தைத் தொடாது, பழைய படலத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்த குளிர்காலத்தில் அடியில் இருப்பது கழலும்போது புதியதும் கூடவே வந்துவிடும்.

உரிந்த செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சாம்பல் நிறத்தில் மெல்லிய மரநார் ஒட்டியிருந்தால், வெயிலில் செத்துப்போன மேற்பரப்பின் மேலேயே அடித்திருக்கிறார்கள் என்று பொருள். மரநார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது லிக்னின். சூரியனின் புறஊதாக் கதிர் அதைச் சிதைத்துவிடும். அப்புறம் மேலே மிஞ்சுவது பிடிப்பில்லாத நார்தான், அதில் எந்தப் பூச்சும் நிற்காது. பின்பக்கம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். காலையில் கழுவிய பைன் பலகை மாலைக்குள் காயாது. நல்ல வெயிலிலும் குறைந்தது இரண்டு நாள் வேண்டும். உங்கள் டெக்கில் இரண்டு தவறும் நடந்திருக்க வாய்ப்பு உண்டு.

சாலிட் ஸ்டெயின் கெட்ட பொருள் அல்ல. கைப்பிடியிலும் தூண்களிலும் அதே பூச்சு இன்னும் நன்றாகவே இருக்கும், தட்டிப் பாருங்கள். செங்குத்தான இடத்தில் தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறது. தரைப் பலகையில் மழை தேங்கும், மாதக்கணக்கில் பனி கிடக்கும், கால் தேயும். ஸ்க்ரூ துளை, பலகையின் வெட்டு முனை, பூச்சே இல்லாத அடிப்பக்கம் என்று எல்லா வழியிலும் தண்ணீர் உள்ளே போகும். வெயில் பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி மேலே வரப் பார்க்கும், படலம் வழியை மறிக்கும். கடைசியில் படலம்தான் தோற்கும். அதனால் தரைக்கும் படிக்கும் மரத்துக்குள் ஊறும் செமி டிரான்ஸ்பரண்ட் ஸ்டெயின் என்பதுதான் என் உறுதியான சிபாரிசு. நிறமே இல்லாத கிளியர் சீலர் வேண்டாம். தண்ணீரை அது தடுக்கும், ஆனால் வெயிலைத் தடுப்பது நிறமிதான். அது இல்லாத பலகை சீக்கிரமே மறுபடி சாம்பல் பூக்கும்.

இரண்டு மடங்கு பணம் ஸ்டெயினுக்குப் போவதில்லை, தயாரிப்பு வேலைக்குப் போகிறது. முதலில் காரத்தன்மையுள்ள ஸ்ட்ரிப்பர் தடவிப் பழைய பூச்சை இளக்க வேண்டும். பக்கத்துச் செடிகளை முன்பே நன்றாக நனைத்து மூடிவைக்கச் சொல்லுங்கள். கழுவும்போது அழுத்தம் முக்கியம். 3,000 பிஎஸ்ஐ (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) வைத்து அடித்தால் பூச்சோடு பைன் மரத்தின் மென்மையான பாகமும் போய், பலகை வரிவரியாகக் குழிந்துவிடும். அகலமாக விசிறும் முனையைப் போட்டு, ஓர் அடி தள்ளிப் பிடித்து, 1,000 பிஎஸ்ஐக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதன்பின் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பிரைட்டனர். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், உங்கள் ஆள் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப்பரின் காரத்தை முறிப்பதும், கறுத்த மரத்துக்குப் பழைய நிறத்தைத் திருப்பித் தருவதும் இதுதான்.

பலகை காய்ந்த பிறகு, விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் திட்டுகளை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் தேய்க்கலாம். அதைவிட நைசாகத் தேய்த்தால் பரப்பு வழவழப்பாகி ஸ்டெயின் உள்ளே இறங்காது. உங்கள் டெக்குக்கு இது பிரச்சினை இல்லை, ஆனால் 2004-க்கு முன் கட்டிய டெக் வைத்திருப்பவர்கள் உப்புத்தாளைத் தொட வேண்டாம். அந்தக் கால ட்ரீட்டட் மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கக்கூடும், அந்தத் தூசு மூச்சில் போகக்கூடாது. அப்படியே ஒரு ஸ்க்ரூடிரைவரால் பலகைகளைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பொதபொதவென்று உள்ளே இறங்கினால் அது உளுத்த பலகை, மாற்றத்தான் வேண்டும்.

அடிக்கும் நாளில் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் மரம் தயார். முத்து முத்தாக நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது, இல்லை பழைய பூச்சு மிச்சம் இருக்கிறது. நல்ல கான்ட்ராக்டரிடம் ஈரமானியும் இருக்கும், அது 15 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும்.

உச்சி வெயிலில் அடிக்க விடாதீர்கள், ஊறுவதற்குள் மேலே காய்ந்துவிடும். இரண்டு மூன்று பலகைகளை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் திட்டுத் தெரியும். ஸ்ப்ரேயரால் அடித்தாலும் பின்னாலேயே ஒருவர் பிரஷ்ஷால் தேய்த்து ஊறவைக்க வேண்டும். வெட்டு முனைகளுக்கு ஸ்டெயினைத் தாராளமாகவே கொடுக்கலாம், மரம் அதிகம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். கால் மணி நேரம் கழித்தும் மேலே பளபளவென்று தேங்கி நின்றால் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் ஸ்டெயின் என்றால் அந்தத் துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

ஆக, முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: ஸ்ட்ரிப்பரும் பிரைட்டனரும் சேர்த்தியா, கழுவியதற்கும் அடிப்பதற்கும் நடுவே எத்தனை நாள், ஸ்டெயினின் பெயரும் வகையும், நடுவில் மழை வந்தால் என்ன செய்வார். "எல்லாம் ஒரே நாளில் முடிச்சுடலாம்" என்று சொல்பவரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

செமி டிரான்ஸ்பரண்ட் தரையில் இரண்டு மூன்று வருடம் வரும். அப்புறம் அது பெரும்பாலும் மங்குமே தவிர உரியாது. அப்போது கழுவிக் காயவிட்டு ஒரு கோட் கொடுத்தால் போதும், இந்த ஸ்ட்ரிப்பர் செலவு மறுபடி வராது. உங்கள் ஊருக்கு ஜூன் மாதம் வசதி, தவறினால் செப்டம்பர் முதல் பாதி. இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டால், இந்த வருடம் அடிக்காமல் அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.