ஃபைனான்ஸுடன் எதைச் சேர்ப்பது?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டுச் சென்னையில் எம்.பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். மூன்றாம் பருவத்தில் இரண்டு சிறப்புப் பிரிவுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று ஃபைனான்ஸ் என்பது உறுதி. மற்றொன்றாக மார்க்கெட்டிங்கை எடுக்கச் சொல்கிறார் அண்ணன். தரவுகளை அலசித் தொழில் முடிவுகளுக்கு உதவும் பிசினஸ் அனலிடிக்ஸுக்குத்தான் மவுசு என்கிறார்கள் சீனியர்கள். எதை எடுக்கலாம்?
- வாசகி, விருதுநகர்

பதில்: நிதித்துறை என்று ஒரே பெயரில் சொன்னாலும், அதற்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று அதிகம் ஒட்டாத பல வேலைகள். அவற்றில் எதற்குப் போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டால், இரண்டாவது பிரிவைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம், ஸ்ரீராம் போன்ற சென்னையில் தோன்றிய நிதி நிறுவனங்களின் முக்கியத் தொழில்களுள் ஒன்று வாகனக் கடன். பழைய லாரி ஒன்றை வாங்கக் கடன் கேட்டு வருபவரிடம் பெரும்பாலும் சம்பளச் சீட்டு இருக்காது. வண்டி எந்தத் தடத்தில் ஓடும், மாதத்துக்கு எத்தனை நடை, டீசல், டயர், டிரைவர் படி எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டுதான், அவரால் தவணை கட்ட முடியுமா என்பதைக் கணக்கிட வேண்டும். இத்தகைய கடன் வேலைக்கும், வங்கிகளில் வாடிக்கையாளரை நேரடியாகக் கையாளும் வேலைக்கும் உங்கள் அண்ணன் சொல்லும் மார்க்கெட்டிங் பொருத்தமானது. புதிதாக வரும் எம்.பி.ஏ. பட்டதாரிகளுக்கு இவ்வகை வேலைகளே அதிகம் கிடைக்கின்றன என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வெளிநாட்டு வங்கிகள் சென்னையில் நடத்தும் சேவை மையங்களில் இடர் மதிப்பீடு, அறிக்கை தயாரிப்பு போன்ற பணிகளை விரும்பினால் அனலிடிக்ஸ் உதவும். ஆனால் தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் கணினி மொழியான எஸ்.க்யூ.எல்., எக்செல் ஆகியவற்றை ஆய்வகத்தில் உட்கார வைத்துப் பழக்குகிறார்களா, அல்லது பாடக் குறிப்பைப் படித்துத் தேர்வு எழுதினால் போதுமா என்பதைச் சீனியர்களிடம் கேட்டுவிடுங்கள். இரண்டாவது நிலைதான் என்றால் அந்தப் பிரிவின் பெயர் மதிப்பெண் பட்டியலுக்கு அழகு சேர்க்கும், அவ்வளவுதான்.

எந்தப் பிரிவை எடுத்தாலும், நேர்முகத் தேர்வில் உங்களைச் சோதிக்கப் போவது கணக்கியல்தான். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 1 கோடி ரூபாய் லாபம் காட்டுகிறது. அதே ஆண்டில் அதற்கு வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 1.5 கோடி ரூபாய் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் முதலிய மற்றவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தொழிலிலிருந்து கைக்குப் பணம் வரவில்லை; 50 லட்சம் ரூபாய் வெளியேதான் போயிருக்கிறது. லாபம் இருந்தும் சம்பளம் போடக் கடன் வாங்கும் நிறுவனங்கள் இப்படித்தான் உருவாகின்றன. ஏதேனும் ஒரு பட்டியலிட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, லாப நட்டக் கணக்கையும் பணப்பாய்வு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பழகுங்கள். பி.காம். படித்த உங்களுக்கு இது பொறியியல் முடித்து வந்தவர்களைவிட எளிதாகவே வரும்.

நிறுவனங்கள் மூலதனம் திரட்ட உதவும் முதலீட்டு வங்கிப் பணி உங்கள் இலக்காக இருந்தால் மட்டும் நான் சொன்னது முழுமையாகப் பொருந்தாது. அங்கே பிரிவின் பெயரைவிடக் கல்லூரியின் பெயருக்கே மதிப்பு அதிகம்.

கேள்வி: எம்.பி.ஏ. படிக்கும்போதே, முதலீட்டுத் துறைக்கான சர்வதேசத் தகுதியான சி.எஃப்.ஏ. தேர்வையும் எழுதலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: பங்கு ஆய்வு, நிதி மேலாண்மை ஆகியவற்றில் உறுதியான விருப்பம் இருந்தால் எழுதலாம். மூன்று நிலைத் தேர்வுகளிலும் தேறினாலும், துறை சார்ந்த 4,000 மணி நேரப் பணி அனுபவம் இருந்தால்தான் அந்தப் பட்டயம் கைக்கு வரும். அந்த அனுபவமும் குறைந்தது 36 மாதங்களில் பெற்றதாக இருக்க வேண்டும். கட்டணம் டாலரில் என்பதால் வீட்டில் கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். அதற்கு முன்னோட்டமாக, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். என்ற பயிற்சி நிறுவனம் நடத்தும் பங்கு ஆய்வாளர் (ரிசர்ச் அனலிஸ்ட்) சான்றிதழ்த் தேர்வை எழுதிப் பார்க்கலாம். செலவு மிகக் குறைவு.