கொழுந்தன், அண்ணி, ஒரு கணக்கு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

போன மாதம் உங்கள் தளத்தில் வந்த சிறுகதையை மூன்று முறை படித்தேன். நியூ ஜெர்சி எடிசனில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்ட். ஹெச்1பி வேலை விசாவில் கணவன், அவனைச் சார்ந்த ஹெச்4 விசாவில் மனைவி, எம்.எஸ். படிக்க வந்து அவர்களோடு தங்கும் கணவனின் தம்பி. அவனுடைய அசைன்மெண்ட் கணக்குகளை அவள் போட்டுக்கொடுக்க ஆரம்பிக்கிறாள். இரண்டாவது செமஸ்டர் முடிவதற்குள் வாசலில் அவன் சாவி போடும் சத்தத்துக்குக் காத்திருக்கிறவளாக ஆகிவிடுகிறாள். அவனுக்கும் அது புரிகிறது. வேறு ஊரில் இன்டர்ன்ஷிப் என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறான். அவன் விட்டுப்போன டிபன் பாக்ஸை அவள் கழுவுகிறாள், கதை முடிந்துவிடுகிறது.

என் கணவர் படித்துவிட்டு, "வீட்ல சும்மா இருந்தா புத்தி இப்படித்தான் போகும்" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது உங்கள் மேல்தான். அந்தக் கணவனை ஏன் இவ்வளவு நல்லவனாக எழுதினீர்கள்? குடிகாரன், கை நீட்டுகிறவன் என்றிருந்தால் அவள் மேல் கொஞ்சம் இரக்கமாவது வந்திருக்கும். அவளுக்குத் துணிச்சல் கொடுத்து வெளியே அனுப்பியிருக்கலாமே, ஏன் சிங்க் முன்னால் நிறுத்திவிட்டீர்கள்? தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும், நான் இலக்கியம் படித்தவள் இல்லை.

பி.கு.: கதையில் வரும் கன்வல்யூஷன் கணக்கு (இரண்டு எண் வரிசைகளைப் பெருக்கிக் கூட்டி மூன்றாவது வரிசை எடுப்பது) தவறு. நான்கு புள்ளி வரிசையையும் மூன்று புள்ளி வரிசையையும் கன்வால்வ் செய்தால் விடையில் ஆறு புள்ளிகள்தான் வரும். ஏழு வராது.

பெயர் வேண்டாம்,
நியூ ஜெர்சி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் சொன்ன 'சும்மா'வை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த விசாவின் நிபந்தனையே சும்மா இருப்பதுதான். 2015 மே 26ஆம் தேதிக்கு முன்னால் ஹெச்4 மனைவி பொதுவாகச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. அதற்குப் பிறகும் கணவனுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதலாகியிருக்க வேண்டும், அல்லது ஆறு வருஷ வரம்பைத் தாண்டி அவன் ஹெச்1பி நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். என் கதையில் கணவனுக்கு அது மூன்றாவது வருஷம், கம்பெனி இன்னும் மனுவே போடவில்லை. அதாவது அவள் வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதை அவள் முகம் பார்த்திராத ஒரு ஹெச்.ஆர். ஆள் தீர்மானிக்கிறார். உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் கணவருக்கும் தெரிந்திருக்கும்.

எடிசனில் மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து வரிசையாகத் தபால் பெட்டிகள். மதியம் இரண்டு மணி சுமாருக்கு ஒரு பெண் சின்னச் சாவியோடு இறங்கி வருவாள். உறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். கரண்ட் பில், வங்கி, இன்ஷூரன்ஸ், எல்லாம் ஒரே பெயருக்கு. ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "டிரைவிங் லைசென்சுக்கு அட்ரஸ் ப்ரூஃப் வேணுமாம் அங்கிள், என் பேர்ல ஒரு கடுதாசிகூட வராது" என்றாள். என் கதையின் நாயகி அவள் இல்லை, அவளுக்குக் கொழுந்தன் யாரும் அங்கே இல்லை. ஆனால் உறையைத் திருப்பிப் பார்க்கும் அந்தக் கையில்தான் கதை தொடங்கியது.

இனி அந்தக் கணவன். கெட்டவனாக எழுதுவது எனக்குச் சுலபம். அடித்திருந்தால் அவளுக்கு ஒரு வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத்தை 2005ல் புதுப்பித்தபோது, கொடுமைக்கு ஆளாகும் ஹெச்4 மனைவி தானாகவே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதற்குத் தனிப் படிவமே உண்டு. நல்ல கணவனோடு வாழ்ந்துகொண்டு நாளுக்கு நாள் உலர்ந்துபோகிறவளுக்கு எந்தப் படிவமும் இல்லை. நான் அவளைத்தான் எழுத நினைத்தேன். அவன் அவளுக்கு நல்ல விலை கொடுத்துக் குளிர்கோட்டு வாங்கித் தருகிறான், பனி பெய்த காலையில் எழுப்பாமல் தானே காபி போட்டுக்கொண்டு போகிறான். எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங்கில் (ஈ.சி.ஈ.) அவள் எடுத்த மதிப்பெண்ணை நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்கிறான். அந்தப் படிப்பை வைத்து அவளிடம் ஏதாவது கேட்கலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றவில்லை.

தம்பிக்குத் தோன்றியது. உத்தமமான காரணத்துக்காக ஒன்றும் இல்லை, மறுநாள் காலை அசைன்மெண்ட் கெடு. இரவு பதினொன்றரைக்கு டைனிங் டேபிளில் கோடு போட்ட தாளைத் தள்ளி, "அண்ணி, இது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிறான். (பல்கலைக்கழகத்தின் கண்ணில் இந்தக் கதையின் முதல் குற்றம் அதுதான்.) மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் 'என்ன சமையல்', 'ஏன் ஒரு மாதிரி இருக்கே' தவிர்த்து முதல் கேள்வி அது. அவள் காதலித்தது கொழுந்தனையா, அவனுடைய சிலபஸையா என்று ஒரு நண்பர் கேலியாகக் கேட்டார். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெச்4ல் படிக்கத் தடை கிடையாது, பணம் வேண்டும். அந்த வீட்டில் இருந்த பணம் தம்பியின் ஃபீஸுக்குப் போகிறது. கதையில் இது ஒரே ஒரு வரிதான், நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் மேல்தான் அவளுக்கு ஆசை வருகிறது. பொறாமையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அது அவளுக்கே பிடிபடவில்லை.

'அண்ணி' என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. அண்ணி தாய்க்குச் சமம் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே நள்ளிரவில் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். காவலும் அந்தச் சொல்தான், மறைவும் அதேதான். ஆரண்ய காண்டத்தில் ராமனின் குரல் போலக் கேட்கும் அலறலுக்குப் பிறகும் லட்சுமணன் காவலை விட்டு நகராமல் நிற்கும்போது, வான்மீகியின் சீதை, என் மேல் உள்ள ஆசையால்தானே போகாமல் நிற்கிறாய் என்று நேராகவே கேட்டுவிடுகிறாள். கம்பன் அந்த இடத்தில் 'வெருவலை நின்றனை, வேறு என்?' என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். சொல்லாமல் விட்டது முழுக்க அந்த 'வேறு என்?'னுக்குள் கிடப்பதாக எனக்குப் படும். ஊரை விட்டு வெகுதூரம் வந்தவள், துணைக்குக் கொழுந்தன் ஒருவன்தான். கம்பனுக்கே வாய் கூசிய இடம், நான் எம்மாத்திரம்.

தாகூர் 1901ல் எழுதிய 'நஷ்டநீட்' குறுநாவலிலும் கணவன் பூபதி நல்லவன்தான், அவன் ஆசையெல்லாம் நடத்தும் பத்திரிகை மேல். மனைவி சாரு மனம் கொடுப்பது அந்த வீட்டில் தங்கிப் படிக்கும் அவனுடைய அத்தை மகன் அமலிடம். அமல் கல்யாணம் செய்துகொண்டு இங்கிலாந்து போய்விடுகிறான். கடைசியில் பூபதி மைசூருக்குக் கிளம்பும்போது என்னையும் கூட்டிப்போ என்கிறாள் சாரு. அவன் தயங்கிவிட்டு, சரி வா என்கிறான். 'இருக்கட்டும்' என்கிறாள். அந்த ஒரு சொல்லை எட்டிப்பிடிக்கும் ஆசையில்தான் டிபன் பாக்ஸை எழுதினேன். எட்டவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

ஏன் வெளியே அனுப்பவில்லை? அனுப்பிப் பார்த்தேன். முதல் பிரதியில் அவள் பெட்டி கட்டுகிறாள். அடுத்த பத்தி எழுத வரவில்லை. விவாகரத்தோடு ஹெச்4 போய்விடும், அதற்குள் வேறு விசாவுக்கு மாறியிருக்காவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஊருக்கு வந்தால் என்ன பேச்சு கிளம்பும் என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டுமா? இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வெளி ஆள் என்றால் என்றைக்காவது ஒருநாள் கண்ணில் படாமல் போவான். கொழுந்தன் எங்கே போவான்? ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப் வீடியோவில் மாமியாருக்குப் பக்கத்துக் கட்டத்தில் தெரிவான். "வெளியில எதுக்கு வாடகை கொடுக்கணும், அண்ணி கையால சாப்பிடட்டுமே" என்று அவனை அந்த வீட்டில் கொண்டுவந்து விட்டதே அந்த மாமியார்தான். இரண்டு வருஷத்தில் அவனுக்குப் பெண் பார்ப்பார்கள். நிச்சயத் தாம்பூலத்தில் புடவைத் தட்டை ஏந்தி முன்னால் நிற்கப்போகிறவள் இவள்தான், மூத்த மருமகள் ஆயிற்றே. அதை எழுதத்தான் எனக்குத் துணிச்சல் போதவில்லை, அதனால் சிங்க்கில் நிறுத்தினேன். அவளைக் கைவிட்டுவிட்டேன் என்று நீங்கள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

இன்னொரு வாசகி எழுதியிருந்தார், அந்த ஊரில் தமிழ் வீட்டு டிஷ்வாஷர் பாத்திரம் கவிழ்த்துவைக்கும் ஸ்டாண்ட்தானாம், கதையில் அதை ஏன் ஓட விட்டீர்கள் என்று. அதையும் மாற்றப்போகிறேன்.

உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். நாலும் மூணும் கூட்டினால் ஏழு என்று நினைத்து எழுதிவிட்டேன். இன்ஜினீயரிங் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு நண்பரைக் கேட்டேன், கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும், அந்த அம்மா சொன்னதுதான் சரி என்றார். உங்கள் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள், இலக்கியம் படித்தவள் இல்லை என்று ஒதுங்கியிருக்கிறீர்கள், பெயர்கூடப் போடவில்லை. பின்குறிப்பில் மட்டும் எந்தத் தயக்கமும் இல்லை, 'ஏழு வராது' என்று எழுதியிருக்கிறீர்கள்.

தளத்தில் ஆறு என்று திருத்திவிட்டேன்.