சென்னை சிட்டி சாம்பியன் ஆன சீசன்: 2018-19 ஐ-லீக் கேள்வி பதில்

அப்போது இந்தியாவின் முதல் டிவிஷன் கால்பந்து லீக்காக இருந்த ஐ-லீக்கின் 2018-19 சீசன் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். அந்த சீசனைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 11 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 20 ஆட்டங்கள். முடிவில் சென்னை சிட்டி 43 புள்ளி, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீக் பட்டமோ, அதற்கு முன்பிருந்த தேசிய லீக் பட்டமோ தமிழ்நாட்டு அணி ஒன்றிடம் வந்தது அதுதான் முதல் முறை.

கோவை வாசகர்: அண்ணா, கடைசி நாள் நான் கேலரியில் இருந்தேன். இடைவேளையில் நம்ம சென்னை சிட்டி 0-1 பின்தங்கியிருந்தது. எல்லாம் போச்சு என்று பக்கத்தில் ஒருவர் எழுந்தே போய்விட்டார். உண்மையில் அந்த நேரத்தில் நிலைமை என்ன?

எழுந்து போனவருக்காக வருத்தப்படுகிறேன் தம்பி. இடைவேளையில் பட்டம் நம் கையில்தான் இருந்தது!

2019 மார்ச் 9 அன்று ஆட்டம் தொடங்கும்போது சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் மினர்வா பஞ்சாபுடன் நமக்கு ஆட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்கால் ஆடியது. மூன்றாவது நிமிடத்திலேயே ரோலண்ட் பிலாலா மினர்வாவுக்கு கோல் அடித்துவிட்டார். ஆனால் கோழிக்கோட்டில் இடைவேளை வரை கோல் எதுவும் விழவில்லை. அந்த நிலையிலேயே இரண்டும் முடிந்திருந்தால் இரு அணிக்கும் 40 புள்ளி. புள்ளி சமமானால் ஐ-லீக்கில் முதலில் பார்ப்பது அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களை. அந்த இரண்டிலும் சென்னை சிட்டி 2-1 என்று ஜெயித்திருந்தது. ஆக, தோற்றுக்கொண்டிருந்தபோதும் பட்டியலில் மேலே இருந்தது நாம்தான்.

அப்புறம் 56ஆவது நிமிடத்தில் பெனால்டியில் பெட்ரோ மான்சி சமன் செய்தார். 69இல் கௌரவ் போரா இரண்டாவது கோல். கோழிக்கோட்டில் ஏறத்தாழ அதே நேரத்தில்தான் கோகுலத்துக்காக மார்க்கஸ் ஜோசப் அடித்தார். சில நிமிடங்கள் எல்லாம் முடிந்தது போலத் தோன்றியது. ஆனால் ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. 79இல் ஒரு பெனால்டி, 85இல் லால்தன்மாவியா ரால்டேவின் கோல், 2-1. இப்போது நமக்கு சமன்கூட போதாது. மினர்வா இன்னொரு கோல் போட்டிருந்தால் 41-42 என்று பட்டம் கல்கத்தாவுக்குப் போயிருக்கும். அந்தக் கடைசி நிமிடங்கள் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூடுதல் நேரத்தில் போரா மூன்றாவதையும் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. முன்கள வீரர்கள் சீசன் முழுக்க கோல் மழை பொழிந்த அணிக்கு, பட்டத்தை உறுதி செய்த இரண்டு கோல்களும் ஒரு தடுப்பாட்டக்காரரிடமிருந்து வந்தது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

பெங்களூர் வாசகர்: ஒரு புள்ளி வித்தியாசம், கடைசி நாள் பெனால்டி. அதிர்ஷ்டம்தானே சார்?

இல்லை. ஈஸ்ட் பெங்காலை கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில், அவர்கள் ரசிகர்கள் முன்னால் ஜெயிப்பது அதிர்ஷ்டத்தில் நடக்கிற காரியம் இல்லை. கோவையிலும் மறுபடி ஜெயித்தார்கள். இரண்டாம் இடம் பிடித்த அணியிடமிருந்து ஆறு புள்ளி எடுத்து, ஒரு புள்ளியில் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். 20 ஆட்டத்தில் 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி. அடித்தது 48 கோல். ஈஸ்ட் பெங்கால் அடித்தது 37.

கடைசி நாள் வரை இழுத்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோற்றதுதான். அதில் ஜெயித்திருந்தால் கடைசி நாளில் இந்தப் பதற்றம் இருந்திருக்காது. அந்தத் தோல்விக்குப் பிறகு நொறுங்காமல், அதுவும் முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வாவுக்கு எதிராக, மூன்றாவது நிமிடத்தில் கோல் வாங்கியும் திரும்பி வந்தார்கள்.

திருச்சி வாசகர்: ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இருக்கும்போது ஐ-லீக்கை எப்படி முதல் டிவிஷன் என்கிறீர்கள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பத்தில்தான் சென்னை சிட்டியின் பட்டம் பலருக்கு மறந்தே போனது.

தேசிய கால்பந்து லீக் 1996இல் தொடங்கியது. 2007இல் அதுவே ஐ-லீக் ஆனது. ஐ.எஸ்.எல். 2014இல் வந்தபோது இரண்டு மாதம் நடக்கும் ஒரு போட்டித் தொடர், அவ்வளவுதான். 2017-18இல் இரண்டும் ஒரே காலகட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தன. ஐ.எஸ்.எல்.லுக்கும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. 2019 அக்டோபரில்தான் ஆசியக் கூட்டமைப்பு ஒரு பாதைத் திட்டம் வகுத்து ஐ.எஸ்.எல்.லை முதல் நிலைக்கு ஏற்றியது. அதாவது, சென்னை சிட்டி பட்டம் வென்ற ஏழு மாதத்துக்குப் பிறகு. அந்த சீசனில் ஐ-லீக் முதல் டிவிஷன்தான். அவர்கள் இந்தியாவின் சாம்பியன்கள்தான். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

பணமும் விளம்பரமும் ஐ.எஸ்.எல். பக்கம் இருந்தன என்பது உண்மை. சீசன் நடுவில், மீதமிருந்த ஐ-லீக் ஆட்டங்களில் ஒரு பகுதியை மட்டும்தான் டிவியில் காட்டுவோம் என்று அறிவித்தார்கள். கிளப்புகள் கொதித்துப் போனதில் நியாயம் இருந்தது. பட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிற அணியைச் சொந்த மாநிலத்துக்காரர்களே பார்க்க முடியாவிட்டால் எப்படி ஆதரவு வளரும்?

சென்னை வாசகர்: பெயரில் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். இது என்ன கணக்கு?

கோவை நேரு ஸ்டேடியம்தான் அவர்களுடைய ஹோம் கிரவுண்ட். சென்னை நேரு ஸ்டேடியத்தில் ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற ஐ.எஸ்.எல். அணி ஆடிக்கொண்டிருந்தது. பெயரைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குக் குறை இருக்கலாம், ஆனால் அந்த அணியை மனதார ஏற்றுக்கொண்டது கோவைதான்.

தூத்துக்குடி வாசகர்: ஸ்பெயின் ஆட்கள்தானே எல்லாவற்றையும் செய்தார்கள்? நம்ம பசங்க யார் இருந்தாங்க?

ஸ்பெயின் ஆட்கள் இல்லாமல் இந்தப் பட்டம் இல்லை, அதை மறுக்கவே முடியாது. கோல்கீப்பர் நௌசெட் சாந்தானா, பின்களத்தில் ரொபெர்டோ எஸ்லாவா, நடுக்களத்தில் சாந்த்ரோ ரொட்ரிகெஸ், நெஸ்டர் கோர்டில்லோ, முன்னால் உருகுவேயில் பிறந்த மான்சி. கோல்கீப்பரிலிருந்து முன்கள வீரர் வரை ஒரே பாஷை, ஒரே ஆட்ட முறை. பந்தைத் தூக்கி அடிக்காமல் தரையோடு கொடுத்து வாங்கி முன்னேற வேண்டும் என்பது சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸின் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கு ஏற்ற ஆட்களை அந்த கிளப் தேடிப் பிடித்தது.

ஆனால் 11 பேரும் வெளிநாட்டுக்காரர்கள் இல்லையே. சென்னைப் பையன் எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், மைக்கேல் ரெஜின் எல்லாம் அந்த அணியில் இருந்தவர்கள். பெரிய விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள் யாரும் இல்லை. அந்த ஆட்ட முறையில் ஓரிரு வருடம் ஆடியதால் என்ன நடந்தது என்று பாருங்கள்: பிறகு எட்வின் சென்னையினுக்குப் போனார், ஜேசுராஜ் எஃப்.சி. கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருவுக்கு. ஐ.எஸ்.எல். கிளப்புகள் இவர்களைத் தேடி வந்தது சும்மா இல்லை.

மைக்கேல் சூசைராஜ் எங்கே என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ரெஜினின் சகோதரரான அவர், முந்தைய சீசனில் சென்னை சிட்டிக்கு ஆடிவிட்டு ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். பட்ட அணியில் அவர் இல்லை.

மதுரை வாசகர்: மான்சிதான் அந்த சீசனில் அதிக கோல் அடித்தவரா?

ஆமாம், 21 கோல். ஆனால் தனியாக இல்லை. சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் 21. மான்சி முதல் ஆட்டத்திலேயே, 2018 அக்டோபர் 26 அன்று, இந்தியன் ஆரோஸுக்கு எதிராக ஹாட்ரிக் போட்டு 4-1 வெற்றியோடு தொடங்கினார். அவர் ஓடி ஓடி ஆளைத் தாண்டுகிற ரகம் இல்லை. பந்து வந்து விழப்போகும் இடத்தில் ஏற்கெனவே நிற்பார். 2020 ஜனவரியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். அந்த இடத்தை நிரப்ப சென்னை சிட்டியால் முடியவே இல்லை.

சேலம் வாசகர்: ரியல் காஷ்மீர் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

கொஞ்சம் போதாது, ஆனாலும் சொல்கிறேன். 2016இல் தொடங்கிய கிளப். இரண்டாம் டிவிஷனை ஜெயித்து மேலே வந்து, முதல் சீசனிலேயே மூன்றாம் இடம். காஷ்மீரிலிருந்து முதல் டிவிஷனில் ஆடிய முதல் அணி. பயிற்சியாளர் டேவிட் ராபர்ட்சன், ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்கு ஆடியவர். அவருடைய மகன் மேசனும் அணியில் ஆடினார். ஸ்ரீநகரின் குளிரில், செயற்கைப் புல் தரையில் வெளி அணிகள் திணறின.

2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு எல்லாம் மாறியது. 18ஆம் தேதி ஸ்ரீநகரில் நடக்க வேண்டிய ஆட்டத்துக்கு மினர்வா போகவில்லை. ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது, அதில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. பட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த ஓர் அணி, தன் பலமே சொந்த மைதானம்தான் என்றிருந்த நேரத்தில் அதை இழந்தது. கால்பந்தில் அவர்கள் செய்த எந்தத் தவறாலும் அல்ல. அந்த சீசனில் சென்னை சிட்டிக்கு அடுத்தபடியாக என் மனதில் நிற்பது இவர்கள்தான்.

கடலூர் வாசகர்: கடைசி இடம் யாருக்கு?

ஷில்லாங் லஜோங். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அனுபவ வீரர்களை விட்டுவிட்டு உள்ளூர் இளைஞர்களை மட்டும் நம்பி ஆடிய அணி அது. அந்தத் துணிச்சலுக்குக் கிடைத்த பலன் ரொம்பக் கடுமையானது.

சென்னையிலிருந்து இன்னொருவர்: நான் சென்னையின் எஃப்.சி. ரசிகன். அந்த வருடம் இரண்டு அணியும் மோதியிருந்தால்?

அந்த வருடம் சென்னையின் ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம், 9 புள்ளி. ஆக, லீக் ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு சிட்டிக்குத்தான். ஆனால் சீசன் முடிவில் புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பையில் சென்னையின் இறுதி வரை போனது. சிட்டி காலிறுதியில் ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூருவை 2-1 என்று வீழ்த்தியது, பிறகு அரையிறுதியில் கோவாவிடம் 0-3. இரண்டு லீக் சாம்பியன்களும் மோதி, ஐ-லீக் சாம்பியன் ஜெயித்தது! ஐ-லீக் தரம் குறைவு என்பவர்களிடம் நான் எடுத்துச் சொல்வது இந்த ஆட்டத்தைத்தான்.

ஈரோடு வாசகர்: சரி, இவ்வளவு நல்ல கிளப் இப்போது எங்கே? சுவிட்சர்லாந்து கிளப் பணம் போட்டதாகப் படித்தேனே.

ஆமாம், எஃப்.சி. பாஸல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஐரோப்பாவில் பெயர் பெற்ற கிளப். அகாடமி, பயிற்சி என்று பெரிய கனவெல்லாம் பேசப்பட்டது. ஆனால் மான்சி போனார், நெஸ்டர் போனார், அக்பர் நவாஸும் போனார், நம்ம பையன்களும் ஒவ்வொருவராக ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார்கள். கோவிட் வந்தது, 2019-20 சீசன் பாதியில் நின்றது. 2021-22 ஐ-லீக் தொடங்கியபோது அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. சாம்பியன் ஆகி மூன்றே வருடத்தில்!

எனக்கு இதில் கோபம் உண்டு. பட்டம் வென்றவர்களுக்குப் பரிசுத்தொகை ஒரு கோடி. ஒரு முழு சீசனுக்கு அணியை நடத்துகிற செலவுக்கு முன்னால் அது பெரிதல்ல. டிவி வருமானம் இல்லை. மேலே போக வழியும் இல்லை, ஏனென்றால் ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்.லில் இடம் என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2022-23இல்தான். அந்த வருடம் ஜெயித்து மேலே போனது பஞ்சாப் எஃப்.சி. யார் தெரியுமா? கோவையில் கடைசி நாளில் நம்மிடம் 1-3 என்று தோற்ற அதே மினர்வாதான், கை மாறிப் பெயர் மாறி வந்தது. சென்னை சிட்டி அந்தப் பட்டத்தை நாலு வருடம் தள்ளி வென்றிருந்தால், இன்று ஐ.எஸ்.எல்.லில் தமிழ்நாட்டுக்கு இரண்டு அணிகள் இருந்திருக்கும்.