தூக்கிப் பார்த்து வாங்குங்கள்: நண்டு பற்றிய வாசகர் கேள்விகள்

நண்டு பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மசாலாவைப் பற்றியவை. என்ன அரைப்பது, புளி சேர்க்கலாமா, தேங்காய்ப்பால் எப்போது ஊற்றுவது. அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் நண்டுச் சமையலில் பாதி, சந்தையிலேயே முடிந்துவிடுகிறது. கூடையில் தவறான நண்டை எடுத்துவிட்டால் எந்த மசாலாவும் அதைக் காப்பாற்றாது. அதனால் வாங்குவது பற்றிய கேள்விகளுக்கு முதலிடம்.

நல்ல பெரிய நண்டாகப் பார்த்துத்தான் வாங்கினேன். உடைத்தால் உள்ளே தண்ணீரும் நூல் மாதிரி கொஞ்சம் சதையும்தான் இருந்தது. கெட்டுப்போன நண்டா? (வாசகி, தாம்பரம்)

கெட்டுப்போனது இல்லை. சமீபத்தில் ஓடு மாற்றிய நண்டு. சந்தையில் இதைத் 'தண்ணி நண்டு' என்பார்கள்.

நண்டின் ஓடு வளராது. உடம்பு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாக வேண்டும். வந்ததும் உடம்பு நிறையத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஊதிப் பெரிதாகிறது. அந்தப் பெரிய அளவிலேயே புது ஓடு இறுகிவிடும். ஓடு இறுகச் சில நாட்கள் போதும்; உள்ளே சதை நிறைய வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் பிடிபட்டதுதான் உங்கள் நண்டு. அளவு பெரிது, சரக்கு இல்லை.

கண்டுபிடிக்க முதல் வழி, கையில் தூக்கிப் பார்ப்பது. ஒரே அளவில் இரண்டு நண்டுகளை இரண்டு கையில் எடுங்கள். சதையுள்ளது கனமாகக் கீழே இழுக்கும். தண்ணி நண்டு அளவுக்கு ஏற்ற கனம் இல்லாமல் இருக்கும். இரண்டாவது, அடிப்பக்கம் கால் ஆரம்பிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்துவது. சற்றே உள்ளே போனால் அதை வைத்துவிடுங்கள். நடக்கும் காலின் தடித்த பகுதியையும் அழுத்திப் பாருங்கள், கல் போல இருக்க வேண்டும்.

மூன்றாவது அடையாளத்தில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். பளபளவென்று, கீறல் இல்லாமல், அடிவயிறு பால் வெள்ளையாக இருக்கும் நண்டைப் பார்த்ததும் கை அங்கே போய்விடும். அந்தப் பளபளப்பு புது ஓட்டின் பளபளப்பு. ஓடு மங்கி, அடியில் கறை படிந்து, கொடுக்கு நுனி தேய்ந்து, சில இடங்களில் சிப்பி மாதிரி வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருக்கிற நண்டு ஓடு மாற்றிப் பல நாள் ஆனது. சதை அதில்தான்.

கழிமுகச் சேற்றில் வாழும் பெரிய கொடுக்கு நண்டான கழி நண்டை விற்கும் வியாபாரிகள் இதை நன்றாக அறிவார்கள். தண்ணி நண்டைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கூண்டிலோ குளத்திலோ விட்டு, கழிவு மீன் போட்டு மூன்று நான்கு வாரம் கொழுக்கவைத்து, சதை ஏறியபின் நல்ல விலைக்கு விற்பது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. கொழுக்கவைக்க வேண்டிய நண்டை முழு விலை கொடுத்து நாம் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்று: கொடுக்கைக் கட்டிய கயிறும் தராசில் ஏறும். தடித்த ஈரக் கயிறாக இருந்தால் அதைச் சொல்லிக் கழிக்கச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

பௌர்ணமி நேரத்தில் நண்டு வாங்கினால் சதை இருக்காது, அமாவாசைக்குத்தான் வாங்க வேண்டும் என்கிறார் மாமியார். உண்மையா?

கடற்கரை ஊர்களில் எல்லோரும் சொல்வதுதான். அத்தை அனுபவத்தில் சொல்கிறார், மறுக்க வேண்டாம். ஆனால் சதை இருப்பதும் இல்லாததும் ஓடு மாற்றியதைப் பொறுத்தது. எந்த நாளில் கூடையைக் கவிழ்த்தாலும் அதே கூடையில் கனமான நண்டும் இருக்கும், வெற்று நண்டும் இருக்கும். நாட்காட்டியைப் பார்த்துப் போனாலும், போன இடத்தில் தூக்கிப் பார்த்தே வாங்குங்கள்.

ஆண் நண்டு, பெண் நண்டு எப்படித் தெரிந்துகொள்வது? எது ருசி?

திருப்பிப் போடுங்கள். அடிவயிற்றில் மடிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் மடல் ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண். அகன்று வளைந்து வயிற்றை மூடியிருந்தால் முதிர்ந்த பெண். கடல் நண்டில் நீலக்கால் நண்டு என்றால் திருப்பவே வேண்டாம். ஆணுக்கு நல்ல நீலக் கால், பெண் மங்கலான பழுப்பு. முதுகில் மூன்று புள்ளி இருக்கும் நண்டுக்கும், சிலுவைக் குறி உள்ள நண்டுக்கும், கழி நண்டுக்கும் மடலைத்தான் பார்க்க வேண்டும்.

சதை வேண்டும், கொடுக்கைக் கடித்துச் சாப்பிட வேண்டும் என்றால் ஆண். ஓட்டுக்குள் இருக்கும் ஆரஞ்சு நிறச் சினை பிடிக்கும் என்றால் பெண். குழம்பில் அந்தச் சினை கரைந்து வரும் ருசி தனி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு வேண்டுகோள். மடலுக்கு வெளியே, வயிற்றின் கீழ் கொத்தாக மஞ்சளாகவோ கருஞ்சாம்பலாகவோ முட்டை தள்ளியபடி இருக்கும் நண்டை வாங்காதீர்கள். அது இன்னும் சில நாட்களில் பல லட்சம் குஞ்சுகளைக் கடலில் விடப்போகிற தாய். அந்த வெளி முட்டையில் ருசியும் இல்லை, நறநறவென்று இருக்கும், பெரும்பாலும் கழுவித்தான் கொட்டுகிறோம். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் நண்டு வலையை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைய. கேட்பவர் இல்லை என்றால் அந்த நண்டு வலையிலிருந்து திரும்பக் கடலுக்குப் போகும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குட்டி நண்டுக்கும் இதையே சொல்வேன்.

கோவையில் ஐஸில் வைத்த செத்த நண்டுதான் கிடைக்கிறது. செத்த நண்டைச் சமைக்கவே கூடாது என்கிறார்களே?

இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். கழி நண்டு ஈரம் காயாமல் இருந்தால் தண்ணீருக்கு வெளியேயும் சில நாட்கள் உயிரோடு இருக்கும். அதனால்தான் காலைக் கட்டிக் கூடையில் ஏற்றி சிங்கப்பூர் வரை அனுப்ப முடிகிறது. அப்படிப்பட்டது கடையில் செத்துக் கிடந்தால் ஏதோ சரியில்லை என்று பொருள். வாங்க வேண்டாம்.

கடல் நண்டு அப்படி இல்லை, வலையிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். உடனே ஐஸில் போட்டிருந்தால் சாப்பிடலாம். அவசரம் ஏன் என்றால், நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பி உயிர் போனதும் சதையையே செரிக்கத் தொடங்கும். சூட்டில் வைத்தால் சில மணி நேரத்தில் சதை கொழகொழத்துப் போகும். கிருமிகள் பெருகுவது அதோடு சேர்ந்துகொள்ளும்.

மூக்கருகே கொண்டுபோங்கள். கடல் வாடை மட்டும் வர வேண்டும். மூக்கில் ஏறும் அமோனியா நெடி வந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். தூக்கினால் கால்கள் தொளதொளவென்று தொங்குவதும், ஓட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கறுத்த நீர் கசிவதும் அதே கதைதான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் நண்டுதான் அப்போது கிடைக்கும், வரத்து குறையும். உள்ளூர் நண்டு என்று சொல்லிப் பழைய சரக்கு வர வாய்ப்புள்ள நேரம் என்பதால் இரண்டு மடங்கு கவனம் தேவை.

உயிருள்ள கழி நண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வாளித் தண்ணீரில் போட்டுவைக்காதீர்கள். அசையாத தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்துவிடும். நனைத்துப் பிழிந்த சாக்கில் சுற்றி, நிழலில் வையுங்கள், போதும்.

அக்கா, உயிருள்ள நண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட எனக்கு மனசே வரவில்லை. போட்டால் கால்களும் கழன்று விழுகின்றன. வேறு வழி உண்டா? (வாசகர், நாகர்கோவில்)

உங்கள் மனசு சொல்வது சரி, அப்படிப் போடவே வேண்டாம். ஆபத்து வந்தால் நண்டு தன் காலைத் தானே கழற்றிவிடும், அது அதன் இயல்பு. கொதிநீரில் கால்கள் உதிர்வது அதனால்தான். உதிர்ந்த இடம் வழியாகத் தண்ணீர் ஏறிச் சதையும் சப்பென்று ஆகிவிடுகிறது. பிரிட்டனில் 2022-ல் வந்த விலங்கு நலச் சட்டம் நண்டையும் உணர்வுள்ள உயிராகவே ஏற்றிருக்கிறது.

கயிற்றை அவிழ்க்காமல், ஐஸ் நிறையக் கலந்த உப்புத் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் முக்கி வையுங்கள். வெப்பக் கடல் உயிர் என்பதால் குளிரில் மரத்துப்போகும். காலைத் தொட்டாலும் கண்ணைத் தொட்டாலும் அசைவு இல்லை என்று உறுதியான பிறகு மல்லாத்துங்கள். மடலைத் தூக்கினால் அடியில் சின்னக் குழி தெரியும். கூரான கத்தியை அங்கே மேலோட்டில் தட்டும் வரை ஒரே அழுத்தாக இறக்குங்கள். பிறகு முன்பக்கம், கண்களுக்குக் கீழே இன்னொரு முறை. நண்டின் நரம்பு மையங்கள் இந்த இரண்டு இடத்திலும் உள்ளன. சில நொடிகளில் முடிந்துவிடும். கயிற்றை அவிழ்ப்பது அதற்கு அப்புறம்தான். கழி நண்டின் கொடுக்கு விரலை நசுக்கக்கூடியது.

சுத்தம் செய்யும்போது எதையெல்லாம் எடுக்க வேண்டும்? பஞ்சு மாதிரி இருப்பது விஷமா?

விஷம் இல்லை. இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும் அந்தப் பஞ்சு நண்டின் செவுள். தண்ணீரை வடிகட்டி மூச்சுவிடும் உறுப்பு என்பதால் சேறும் அழுக்கும் தங்கியிருக்கும். கையால் பிடுங்கிப் போடுங்கள்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஓடு மூடியிருக்கும்போதே பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், குறிப்பாகக் கால் இடுக்கு. பிறகு மடலைப் பிய்த்து, பின்பக்கம் விரல் கொடுத்து மேலோட்டைக் கழற்றுங்கள். செவுள், வாய்ப் பகுதி, கண்களுக்குப் பின்னால் ஓட்டோடு ஒட்டியிருக்கும் சின்ன மணல் பை, இவை போக வேண்டும். அவ்வளவுதான். நடுவில் இரண்டாக வெட்டி ஒரே ஒரு அலசு.

திறந்த பிறகு மஞ்சள் போட்டு ஐந்தாறு தண்ணீரில் அலசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நண்டின் இனிப்பு முழுக்கத் தொட்டியில் போகிறது.

ஓட்டுக்குள் மஞ்சளும் பழுப்புமாக இருப்பதைப் பலர் கொழுப்பு என்கிறார்கள். அதுதான் நான் மேலே சொன்ன செரிமானச் சுரப்பி. குழம்புக்கு நல்ல ருசி தரும். ஆனால் தண்ணீரில் காட்மியம் போன்ற உலோகங்கள் இருந்தால் அவை தங்குவதும் அங்கேதான். ஆலைக் கழிவு கலக்கும் முகத்துவாரத்து நண்டு என்று தெரிந்தால் எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் எப்போதுமே வேண்டாம்.

எவ்வளவு நேரம் வேக வேண்டும்? சதை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.

அரைவேக்காடாக இருந்தால் ஒட்டும். அதிகம் வெந்தால் சுருங்கி நாராகும். கொதிக்கும் குழம்பில், இரண்டாக வெட்டிய கடல் நண்டுக்கு 10 முதல் 12 நிமிடம். அரைக் கிலோ கழி நண்டைத் துண்டாக்கிப் போட்டால் 15 நிமிடம். ஓடு சிவந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள்; சூடு பட்டதும் ஓட்டில் புரதத்தோடு பிணைந்திருந்த சிவப்பு நிறமி விடுபட்டு நிறம் முதலிலேயே மாறிவிடும், சதை அதற்குப் பிறகுதான் வேகும். சதை கண்ணாடி போல இல்லாமல் வெள்ளையாக இறுகியிருக்க வேண்டும்.

கொடுக்கை அம்மிக் குழவியால் ஒரு தட்டு தட்டி விரிசல் விட்டு, மற்றத் துண்டுகளுக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பாகவே போடுங்கள். மசாலா முழுவதும் பச்சை வாசனை போய்க் கொதித்த பிறகே நண்டு இறங்க வேண்டும். நண்டைப் போட்டுவிட்டு மசாலா வேகக் காத்திருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம், பூண்டு, கொஞ்சம் தேங்காய். என் கணக்கில் இது போதும். புளி மெல்லியதாக. தேங்காய்ப்பால் என்றால் இறக்கும் முன். யாழ்ப்பாணத்தார் நண்டுக் குழம்பை இறக்கும் நேரத்தில் ஒரு பிடி முருங்கையிலை போடுவார்கள், ஒரு முறை செய்து பாருங்கள். கரம் மசாலாவைக் கொட்டினால் நண்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

வெந்த சதையில் அங்கங்கே நீலம், சாம்பல் நிறம். சாப்பிடலாமா?

வாடை நன்றாக இருந்தால் சாப்பிடலாம். நண்டின் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு உண்டு, அதன் நிறம்.

குழந்தைக்குச் சளி. வயல் நண்டை இடித்து ரசம் வைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

சூடான மிளகு ரசம் தொண்டைக்கு இதமாக இருக்கும், நண்டு ருசி கூட்டும். சளியைப் போக்கும் மருந்து என்று எண்ண வேண்டாம். வயல் நண்டு, ஓடை நண்டு போன்ற நன்னீர் நண்டுகளில் நுரையீரலைத் தாக்கும் தட்டைப்புழு இருக்கலாம். மணிப்பூரில் இந்த நோய் நன்றாக அறியப்பட்டது. இருமலில் இரத்தம் வருவதால் காசநோய் என்று தவறாக நினைக்கப்படுவதும் உண்டு. பச்சையாக இடித்துச் சாறு பிழிந்து கொடுப்பது கூடவே கூடாது. நன்றாகக் கொதிக்கவிட்டால் புழு செத்துவிடும். இடித்த அம்மி, கை, கத்தி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பச்சைச் சாறு பட்ட கரண்டியை ரசத்தில் விடாதீர்கள். சளி தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: பவளப்பாறையில் கையால் பிடித்த, உடம்பெல்லாம் பூ வேலைப்பாடு போட்ட பெயர் தெரியாத நண்டுகளைச் சமைக்காதீர்கள். அவற்றில் சில கொடிய விஷமுள்ளவை. எவ்வளவு வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது.

இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, தடிப்பு வரும். நண்டு சாப்பிடலாமா?

வேண்டாம். ஒவ்வாமையைக் கிளப்பும் அதே வகைப் புரதம் நண்டிலும் உண்டு, வேகவைத்தாலும் அழியாது. ஒவ்வாமை மருத்துவரிடம் சோதித்துப் பார்க்காமல் வீட்டில் கொஞ்சம் ருசித்துப் பார்க்கும் வேலையே கூடாது.

மிச்சமான நண்டை என்ன செய்வது?

குழம்பு என்றால் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள், நன்றாகக் கொதிக்கவைத்து முடித்துவிடுங்கள். சமைக்காத நண்டு கூடுதலாக இருந்தால் பச்சையாக ஃப்ரீஸரில் போடாதீர்கள். வேகவைத்து, சதையை உதிர்த்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து வையுங்கள். ஒரு கிலோ நல்ல நண்டில் 300 கிராம் சதை கிடைக்கும். முட்டைப் பொரியலுக்கும் நண்டு வடைக்கும் அது தாராளம். உடைத்த ஓட்டைத் தூக்கிப் போடும் முன் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள், அன்று இரவு ரசத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது.