கீமோ எடுக்கும் அம்மாவுக்கு வீட்டார் என்ன செய்யலாம்?

கேள்வி: அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுக்குடியிருப்பிலிருந்து தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் கீமோ ஏற்றுகிறோம். சொந்தக்காரர் தினமும் வந்து பார்க்கிறார்கள். எல்லோரும் ‘பயப்படாதே’ என்கிறார்கள். அம்மாவோ பேசுவதையே குறைத்துவிட்டா. என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, ‘பயப்படாதே’ என்றதும் அம்மா வாயை மூடிக்கொள்கிறா. அவவுக்குப் பயம் இருக்கிறது, அதைச் சொல்ல ஆள் வேண்டும். இரவில் பக்கத்தில் படுத்திருக்கும்போது “என்னம்மா யோசிக்கிறியள்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அழுதால் அழட்டும். மறுமொழி சொல்லவேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

சொந்தக்காரரை வரவேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, வேலையைக் கொடுங்கள். கலியாண வீடு, செத்த வீடு என்றால் கேட்காமலே ஆளுக்கொரு வேலையை எடுத்துச் செய்கிற சனம் நாங்கள். மாமி ஒருநேரச் சோறு கொண்டுவரட்டும். தம்பி கிளினிக் கொப்பியும் ரிப்போட்டுகளும் ஒரே பையில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். கனடாவில் இருக்கும் அண்ணா வான் கூலியைப் பொறுப்பெடுக்கட்டும். டொக்டரோடு கதைக்க மட்டும் ஒரே ஆள் போதும். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னால் அம்மா குழம்பிப்போவா. யாரும் நாட்டு மருந்து கொண்டுவந்தால், கொடுக்கமுன் கிளினிக்கில் கேளுங்கள்.

இனி, உயிர் காக்கிற விஷயம். கீமோ ஏற்றி ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள், கிருமியோடு போராடுகிற வெள்ளை அணுக்கள் இரத்தத்தில் நன்றாகக் குறையும். அந்த நாட்களில் தடிமன், இருமல் உள்ளவர்கள் ஃபோனில் கதைத்தால் போதும். பச்சைச் சம்பல் வேண்டாம். நன்றாக அவித்த சாப்பாடும் கொதித்தாறிய தண்ணீரும் கொடுங்கள். வீட்டில் தேர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், அல்லது அதற்கு மேல் காட்டினால் பனடோல் (பரசிட்டமோல்) கொடுத்து விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியை அழிக்காது. நடுச்சாமம் என்றாலும் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், “கீமோ எடுக்கிற ஆள்” என்று முதலில் சொல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் இலங்கையில் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு ஃபோன் எடுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

இரவில் கண் முழிப்பது நீங்கள் ஒருவரே என்றால் அதையும் பிரியுங்கள். கிழமையில் இரண்டு இரவாவது சித்தி வந்து படுக்கட்டும்.