பியூமொன்ற் முன்பக்கம் உலாஞ்சுது எண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீர் கேட்டது இதுதான்: கனடாவுக்கு வந்து ஒண்டரை வருசம், ஏஜாக்ஸிலை இருக்கிறீர், ஆசைப்பட்டு 1968 பியூமொன்ற் கார் ஒண்டு 307 கன இஞ்சி எஞ்சினோடை வாங்கிப்போட்டீர், 401 பெருந்தெருவிலை ஏறினால் கார் உலாஞ்சுது, வளைவிலை முன்சில்லு மடங்கிற மாதிரிக் கிடக்கு, கூட வேலை செய்யிற பெடியன் ஸ்பிறிங்கும் ஷொக்கும் ஒண்டாய் வாற முழுக் கொயில்ஓவர் கிற் ஒண்டை ஓடர் பண்ணச் சொல்லுறான், பண்ணுறதோ எண்டு. இப்போதைக்கு வேண்டாம். நான் 1970 செவ்ரொலே செவெல் ஒண்டை 16 வருசமாய் வைச்சு ஓடுறன், உம்மடை காருக்கும் அதுக்கும் அடி ஒண்டுதான், ஆனபடியால் காசையும் நாளையும் எங்கை விட்டனான் எண்டதைச் சொல்லுறன்.

முதல் உம்மடை கார் என்ன எண்டு விளங்கவேணும். பியூமொன்ற் எண்டது உங்களுக்கு 20 நிமிசத்திலை கிடக்கிற ஒஷாவாவிலை செய்த கார், செவெல் உடம்பு, பொன்ரியாக் டாஷ்போட், சின்னத்திலை மேப்பிள் இலை. 1966இலை இருந்து 1969 மட்டும் கனடாவிலை தனிப் பேரிலை வித்தவை. அமெரிக்கக் கடையளுக்கு அடிச்சு பியூமொன்ற் எண்டு கேட்டால் உதென்ன எண்டுதான் கேப்பினம், நீர் 1968 செவெல் எண்டு கேளும், முன்சில்லு, ஸ்ரியரிங் சாமான் எல்லாம் அப்பிடியே பூட்டும்.

இப்ப உலாஞ்சிறதுக்கு வருவம். அது முக்கால்வாசி தேய்மானம் தம்பி, புதுச் சாமான் போட முதல் பழசிலை எங்கை ஆட்டம் எண்டு பாரும். எஞ்சினை நிப்பாட்டி, சில்லு தரையிலை இருக்க, ஒராளை உள்ளுக்கை இருத்தி ஸ்ரியரிங்கை அங்கையும் இஞ்சையும் ரெண்டு விரல் அளவுக்கு ஆட்டச் சொல்லும், நீர் கீழை படுத்து ஒவ்வொரு மூட்டாய்க் கையை வையும். முதல் ஸ்ரியரிங் கொலம் வந்து கியர் இருக்கிற ஸ்ரியரிங் பொக்ஸிலை சேர்ற இடத்திலை இருக்கிற றபர் வட்டு, அதை றாக் ஜொயின்ற் எண்டுவினம், 50 வருசத்திலை அது பிஸ்கற் மாதிரி நொறுங்கியிருக்கும். பிறகு ஐட்லர் ஆம், பொக்ஸுக்கு எதிர்ப்பக்கத்திலை ஸ்ரியரிங் தண்டைத் தாங்கிற கை. அது மேலும் கீழும் ஏறி இறங்கினால் அலைன்மென்ற், அதாவது சில்லுக் கோணம் சரிபண்ணுறது, எத்தினை தரம் செய்தும் பிரியோசனம் இல்லை. பிறகு சில்லைத் திருப்புற ரை றொட் நுனியள், சில்லைத் தாங்கிற கையளின்ரை நுனியிலை இருக்கிற குண்டு மூட்டான போல் ஜொயின்ற், கடைசியாய்த்தான் ஸ்ரியரிங் பொக்ஸ். என்ரை காரிலை நான் பொக்ஸைத்தான் சந்தேகப்பட்டு மாத்தினனான், ஆட்டம் அப்பிடியே இருந்தது, பேந்து பார்த்தால் ஐட்லர் ஆம்.

ஊரிலை எங்கடை அப்பாட்டை மொறிஸ் மைனர் ஒண்டு நிண்டது, பொருளாதாரத் தடைக் காலத்திலை பெற்றோல் துளி விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலை ஓடின கார், நீர் பிறக்க முதல் கதையாய் இருக்கும். அதின்ரை முன்சில்லு தொங்கிற ட்றனியனுக்கு கிறீஸ் போகாட்டில் புரி தேய்ஞ்சு ஒருநாள் கழண்டு சில்லு மடங்கி விழும், அதாலை அப்பா ஒவ்வொரு ஞாயிறும் கிறீஸ் அடிக்கிற துவக்கைக் கையிலை வைச்சுக்கொண்டு கீழை படுத்துக் கிடப்பார், புதுக் கிறீஸ் பழசைத் தள்ளிக்கொண்டு ஓரத்தாலை வெளியிலை வருமட்டும் அடிப்பார். இந்தக் காருக்கும் அதே வைத்தியம்தான். போல் ஜொயின்ற்றிலை கிறீஸ் அடிக்கிற நிப்பிள் இருக்கோ எண்டு பாரும், முந்தி வைச்சிருந்தவர் நிப்பிள் இல்லாத ஜொயின்ற் போட்டிருந்தால் நிப்பிள் வைச்சதாய் மாத்தும்.

இனி வளைவிலை சில்லு மடங்கிற மாதிரிக் கிடக்கெண்டது. அது உம்மடை மனப்பிரமை இல்லை, கார் பிறந்த நாளிலை இருந்து இருக்கிற குறை. சில்லைப் பிடிச்சிருக்கிற ஸ்பிண்டில் இந்தக் காரிலை கட்டை. அதாலை, ஸ்பிண்டிலைப் பிறேமோடை பிணைக்கிற ரெண்டு கையளிலை மேலை இருக்கிற கொன்ட்ரோல் ஆமின்ரை வெளி நுனி உள் நுனியை விடத் தாழ்ந்து நிக்குது. கார் சரிஞ்சு வெளிப்பக்கச் சில்லு மேலை எழும்பேக்கை அந்த ஆம் சமமாய் வர எழும்பும், எழும்பேக்கை சில்லின்ரை தலையை வெளியாலை தள்ளும். ரயர் வெளி ஓரத்திலை நிண்டு இழுபடும். உம்மடை ரயரைக் கையாலை தடவிப் பாரும், வெளி விளிம்பு வாள்பல்லு மாதிரிச் சொரசொரப்பாய் இருக்கும். அந்தக் காலத்துப் பயஸ் பிளை ரயருக்கு அது பெரிசாய்த் தெரியேல்லை, நாங்கள் இப்ப போடுற றேடியலுக்கு அது ஆகாது.

இதுக்கு மருந்து அரை இஞ்சி உயரம் கூடின மேல் போல் ஜொயின்ற். அவ்வளவுதான், அரை இஞ்சி. அது மேல் ஆமின்ரை வெளி நுனியைத் தூக்கிவிடும், சில்லு எழும்பேக்கை தலை உள்ளுக்கு வரும். என்ரை காருக்கு நான் செய்த வேலையளுக்குள்ளை காசுக்கு ஏத்த பலன் தந்தது இதுதான், ஆத்திலை பாறை மாதிரி முன்பக்கம் நிண்டது. ட்றொப் ஸ்பிண்டில் போட்டால் எல்லாம் சரிவரும் எண்டு சில பேர் சொல்லுவினம், அது காரை 2 இஞ்சி தாழ்த்தும், அழகாயும் இருக்கும், ஆனால் நான் சொன்ன கோணத்தைத் தொடாது. மற்றது பெரிய செவ்ரொலே காரளின்ரை உயர ஸ்பிண்டிலைக் கழட்டிப் பூட்டிற வேலை, அது ஒரு காலத்திலை எல்லாரும் செய்தது, கம்பர், அதாவது சில்லின்ரை தலை உள்ளுக்கோ வெளியாலையோ சரியிற கோணம், சரிவரும், ஆனால் பள்ளத்திலை விழ விழ சில்லு தானாய்த் திரும்பும். உதிலை இறங்காதையும்.

போல் ஜொயின்ற்றோடை சேர்த்து அலைன்மென்ற். பழைய புத்தகத்து எண்ணை வைச்சுச் செய்யவேண்டாம் எண்டு கராஜிலை நேரை சொல்லும், ஏன் எண்டால் அதிலை கஸ்ரர் பூச்சியத்துக்குக் கிட்ட, மைனசிலையும் இருக்கும், பவர் ஸ்ரியரிங் இல்லாமல் கை நோகாமல் திருப்பவேணும் எண்டு குடுத்த எண். சைக்கிளின்ரை முன் போர்க் பின்னாலை சரிஞ்சு நிக்கிறது நேரை போறதுக்கு உதவுது எல்லோ, அதுதான் கஸ்ரர். பவர் ஸ்ரியரிங் இருந்தால் பிளஸ் 3இலை இருந்து 5 பாகை மட்டும், கம்பர் மைனஸ் அரைப் பாகை, ரோ, எண்டால் ரெண்டு முன்சில்லின்ரையும் முன்னோரம் ஒண்டையொண்டு பாத்துச் சரியிற அளவு, உள்ளுக்கு மொத்தமாய் ஒரு இஞ்சியிலை 16இலை ஒரு பங்கு தொடக்கம் 8இலை ஒரு பங்கு மட்டும். கடதாசியிலை எழுதிக் கையிலை குடும். இந்தக் காரிலை மேல் ஆமின்ரை தண்டுக்குப் பின்னாலை தகடு வைச்சுத்தான் இதைச் சரிபண்ணுறது, பின் போல்ற்றிலை தகடு கூடக் கூட கஸ்ரர் கூடும், ஆனால் ஒரு அளவுக்கு மேலை தகடு அடுக்க போல்ற்றிலை புரி மிஞ்சாது. அந்த நேரத்திலைதான் குழாயிலை செய்த மேல் ஆம் வாங்கிற நியாயம் வருது, அதுக்குள்ளையே கஸ்ரர் வைச்சுத்தான் செய்யிறவை. கீழ் ஆம் உம்மடை பழசே போதும்.

ஆமின்ரை உள் மூட்டிலை இருக்கிற புஷ் எது போடுறது எண்டும் கேட்டிருந்தீர். றோட்டிலை ஓடுற காருக்கு றபர் போடும், பொலியூறதேன் எண்ட விறைச்ச பிளாஸ்ரிக் புஷ் கிறீஸ் காய்ஞ்சால் கத்தும். றபரிலை ஒரே ஒரு விசயம், அதைக் கட்டாயம் கேளும். றபர் புஷ் திருகுப்பட்டுத்தான் வேலை செய்யிறது, அதாலை கார் தன்ரை பாரத்திலை நிலத்திலை நிக்கேக்கைதான் போல்ற்றைக் கடைசியாய் இறுக்கவேணும். என்ரை காரை ஒரு கராஜிலை லிப்ற்றிலை சில்லு தொங்கத் தொங்க இறுக்கிக் குடுத்தவை, கீழை இறக்கின உடனை றபர் முறுகினபடி நிண்டு ஒரே ஒரு சமரிலை கிழிஞ்சுபோச்சு. புதுப் புஷ், புதுக் கூலி, எல்லாம் திரும்ப. நீர் பக்கத்திலை நிண்டு பாரும், நிக்க விடாட்டில் வேறை இடம் பாரும்.

ஷொக் நல்லதாய்ப் போடும், வளைவிலை கார் சரியாமல் பிடிக்கிற ஸ்வே பாரை 1⅛ இஞ்சியாக்கும். ஸ்பிறிங் உயரம் கூடத் தெரிஞ்சால் முந்தினவர் 396 எஞ்சினின்ரை ஸ்பிறிங்கைப் போட்டிருக்கலாம், பாரம் குறைஞ்ச 307க்கு அது விறைப்புக் கூடிப்போகும். காஸ் ரோச்சாலை ஸ்பிறிங்கைச் சுட்டுத் தாழ்த்த ஒருத்தரையும் விடாதையும். நீரே கழட்டிறதெண்டால் கீழ் ஆமுக்கு ஜக் குடுத்து, ஸ்பிறிங்குக்குள்ளாலை சங்கிலி விட்டுக் கட்டி, போல் ஜொயின்ற் நட்டை நாலு புரி விட்டுவைச்சுத் தட்டும். அதுக்குள்ளை அமுங்கிக் கிடக்கிற பலம் ஆளைக் கொல்லும், நான் சும்மா சொல்லேல்லை.

கொயில்ஓவர் நல்ல சாமான்தான், றேஸ் ட்றாக்குக்குப் போறவைக்கு. உமக்கு உயரமும் விறைப்பும் மாத்தி மாத்தி விளையாட நேரமும் இல்லை, அமெரிக்க டொலர் விலைக்கு மேலை எல்லைக் கட்டணமும் 13 வீத வரியும் வேறை வரும்.

நீர் கேக்காட்டிலும் இன்னும் ரெண்டு விசயம். ஒன்ராறியோவிலை பழைய காருக்குக் குடுக்கிற ஹிஸ்ரொறிக் பிளேற் எடுக்க 30 வருசம் கழிஞ்சிருக்கவேணும், கார் பெரும்பாலும் தயாரிச்சபடியே இருக்கவும் வேணும், அந்தப் பிளேற்றோடை ஊர்வலம், கண்காட்சி மாதிரியான ஓட்டம்தான். ஆனபடியால் வெட்டி ஒட்டுற வேலை ஒண்டும் செய்யாமல், கழட்டின பழைய ஆம், ஸ்பிண்டில் எல்லாத்தையும் எண்ணெய் பூசிப் பெட்டியிலை போட்டு வையும். இன்சூரன்சுக்கு உம்மடை லைசன்ஸ் வருசம் குறைவு எண்டு இழுப்பினம், பழைய காருக்கெண்டு இருக்கிற கொம்பனியளிலை கன பேர் நாளாந்தம் ஓட வேறை கார் இருக்கோ எண்டும் கேப்பினம். இருந்தால் அதைச் சொல்லும்.

கடைசியாய், ஒண்டும் வாங்க முதல் பிறேமைப் பாரும். உப்பு றோட்டிலை 50 வருசம், கறள் வெளியிலை தெரியாது. சுத்தியலின்ரை பிடியாலை பிறேம் முழுக்கத் தட்டிக்கொண்டு போம், ணங் எண்டால் இரும்பு, தொப்பு எண்டால் கறள். மேல் ஆம் பூட்டிற இடமும் பின்சில்லுக்கு முன்னுக்கு இருக்கிற வளைவும் முக்கியம். தொப்பு எண்ட சத்தம் எங்கையாவது கேட்டால் படம் எடுத்து எனக்கு அனுப்பும், போல் ஜொயின்ற் காசை அதுக்குத்தான் முதல் குடுக்கவேண்டி வரும்.