மலக்குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆண்களுக்கு வரும் பாலியல் சிக்கல் நிரந்தரமானதா?

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன, விறைப்பு ஏற்படுவதில்லை, விந்தும் வெளிவருவதில்லை, இனி இப்படியேதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே அறுவைக்கு உட்பட்டவன்.

நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே கோளாறு அல்ல. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஓராண்டு பிடித்தது. விந்து வெளியேறவும், அந்நேரத்தில் சிறுநீர்ப்பையின் வாய் மூடிக்கொள்ளவும் காரணமான நரம்புகள் மலக்குடலின் பின்புறமாக இறங்கி வருகின்றன. விறைப்புக்கான நரம்புகளோ முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து தனியே புறப்பட்டு, இடுப்புக்குள் அவற்றோடு கலந்து, விந்துப்பைகளையும் புராஸ்டேட்டையும் ஒட்டிச் செல்கின்றன. 1982இல் பில் ஹீல்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையைக் கிழிக்காமல் முழுதாக எடுக்கும் முறையை எழுதி வெளியிட்ட பிறகு, இந்நரம்புகளைக் கண்ணால் பார்த்துக் காப்பாற்றுவது எளிதாகியது. ஆனாலும் கட்டி ஆசனவாய்க்கு அருகில் இருந்தாலோ, கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டிருந்தாலோ பாதிப்பு கூடுகிறது.

எனக்கு ஏழாம் மாதத்தில் விறைப்பு அரைகுறையாகத் திரும்பியது. உச்சம் வந்தது, ஆனால் ஒரு சொட்டும் வெளிவரவில்லை. பிறகு சிறுநீர் கலங்கலாகப் போனதைக் கண்டு, கிருமித்தொற்று என்று பயந்து ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்றிருக்கிறது, உடலுக்குக் கெடுதல் இல்லை, குழந்தை வேண்டுமென்றால் சிறுநீரிலிருந்தே விந்தணுக்களைப் பிரித்தெடுக்கவும் வழியுண்டு என்றார் சிறுநீர்ப்பாதை மருத்துவர். இவ்வளவும் நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் ஒற்றை வரியாக இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; மைத்துனர் பக்கத்தில் நின்றதால் நானும் கேட்கவில்லை.

நரம்பு அறுபடாமல் இழுபட்டு மட்டுமே இருந்தால், ஓரிரு ஆண்டுகள் வரைகூட மெல்ல மெல்ல முன்னேற்றம் தெரியலாம். ஆகவே ஐந்தாம் மாதத்தில் முடிவு கட்டாதீர்கள். அதற்காகச் சும்மா காத்திருக்கவும் வேண்டாம். விறைப்புக்காகக் கொடுக்கும் சில்டனாஃபில் (வயாக்ரா) மாத்திரை, நரம்பில் ஓரளவேனும் உயிர் இருந்து, ஆசையும் எழுந்தால்தான் வேலை செய்யும். பிரியாணி சாப்பிட்ட கையோடு போட்டால் தாமதமாகும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மாத்திரை பலிக்காதவர்களுக்கு காற்றை உறிஞ்சி விறைப்பை வரவழைக்கும் வெற்றிடக் குழாய், ஆணுறுப்பில் போடும் ஊசி, கடைசியாக உள்ளே பொருத்தும் கருவி என்று வழிகள் இருக்கின்றன. ஊர் ஊராக லாட்ஜில் அறையெடுத்து லேகியம் விற்பவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள், அறுபட்ட நரம்பை லேகியம் ஒட்டவைக்காது.

மலம் சேர்வதற்காக வயிற்றில் பை பொருத்தியிருந்தால், முன்கூட்டியே காலி செய்து, மடித்து, ஒரு துணிப்பட்டையால் கட்டிக்கொள்ளலாம். என் மனைவி பழைய பருத்திப் புடவையில் அப்படியொரு பட்டை தைத்துக் கொடுத்தார். பையைப் பற்றிய கூச்சம் அவரைவிட எனக்குத்தான் அதிகமாக இருந்தது.

விடியற்காலையில் தானாக விறைப்பு வருகிறதா என்று சில வாரங்கள் கவனித்துக் குறித்துவையுங்கள். வந்தால் நரம்பு வேலை செய்கிறது, தடை பெரும்பாலும் மனத்தில் என்று பொருள். அந்தக் குறிப்போடு அறுவை மருத்துவரிடம் சென்று, நரம்புகள் காக்கப்பட்டனவா என்று அறுவைக் குறிப்பைப் பார்த்துச் சொல்லுமாறு கேளுங்கள்.